கஞ்சி போகாத இறக்கை

நாகர்கோவிலிலிருந்து பாறசாலைக்கு இருபத்திரண்டு மைல். சர்க்கார் பஸ்ஸில் பதினோரு அணா. மற்ற நாட்களில் ஒன்றரை மணி நேரத்தில் போய்விடலாம். நான் போனது எல்லைப் போராட்டம் சூடேறியிருந்த சமயம். எந்தத் தாலுகா தமிழோடு சேரும், எது மலையாளத்தோடு நிற்கும் என்று யாருக்கும் தெரியாமல், வழியெங்கும் கடைகள் பாதிக் கதவு சாத்தியிருந்தன. வெள்ளிக்கிழமை காலை ஆறரைக்கு வண்டி ஏறினேன். மறுநாள் என் மகன் ஞானதாஸ் ஒரு போர்க்கால விமானத்தில் பறக்கப் போவதாகக் கடிதம் வந்திருந்தது. அவனைத் தடுக்கத்தான் போனேன்.

மார்த்தாண்டத்தில் போலீஸ் வண்டியை நிறுத்தி, எல்லோர் பையையும் திறந்து பார்த்தது. என் பையில் மாற்றுப் புடவையும் ஒரு டப்பா முந்திரிக்கொத்தும் இருந்தன. முக்கால் மணி நேரம் போயிற்று. வண்டி மறுபடி கிளம்பியதும் பக்கத்து இருக்கையில் இருந்த வெற்றிலை வியாபாரி சொன்னார்: "பாறசாலையில ஒரு பழைய பிளேனைச் சரிபண்ணிக் கெட்டுதாவ, அறிஞ்சியளா? நாளைக்கு ஊர்வலத்துக்கு மேலேருந்து நோட்டீஸ் போடுவாவளாம்."

"நோட்டீஸ்தானே?"

"நோட்டீஸாக்கும்னு அவிய சொல்லுதாவ. கீழ நிக்கவனுக்கு என்ன தெரியும்? போலீசு துப்பாக்கியால வெடி வச்ச பெறவு எங்க ஊருல பட்டாசு சத்தம் கேட்டாலே பிள்ளைய எல்லாம் கட்டிலுக்கு அடியில போயிரும். அத ஓட்டப்போற பயலுக்கு வீட்டுல கேக்க ஆளு இல்ல போலிருக்கு."

அந்தப் பயலின் தாய் நான்தான் என்று சொல்லவில்லை.

எட்டே முக்காலுக்குப் பாறசாலை. செங்கல் என்னும் ஊருக்குப் போகும் பாதையில் ஒரு மைல் நடந்ததும் கொப்பரை உலர்த்தும் கொட்டகை ஒன்று. உள்ளே தேங்காய் எண்ணெய் வாடைக்கு நடுவில் விமானம் நின்றது. மேலும் கீழுமாக இரண்டு அடுக்கு இறக்கை. முன்னும் பின்னுமாக இரண்டு இருக்கை. போர் நடந்தபோது பையன்களுக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்த விமானம். இந்த வகையில் எங்கள் பக்கம் வேறொன்று கிடையாது. பட்டாளத்துப் பழைய சாமான்களோடு ஏலத்தில் வந்ததை, வெறும் எலும்புக்கூடாக லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தார்களாம். மரச் சட்டங்களைச் செதுக்கி மாற்றி, எஞ்சினைப் பிரித்துப் பூட்டி, மூன்று வருடம் உழைத்திருக்கிறார்கள் என் மகனும் லாசரும். லாசர் பாறசாலைக்காரர், போரில் விமான எஞ்சின் மெக்கானிக்காக இருந்தவர். ஞானதாஸ் அந்தப் போரில்தான் ஓட்டப் படித்தான். அவன் முழு உடம்போடு வீடு திரும்பிய அன்று என் பயத்துக்கெல்லாம் முடிவு வந்துவிட்டதென்று நினைத்திருந்தேன்.

"இது பறக்கணுமா மக்களே?" என்று மகனைக் கேட்டேன். "சுத்தி வேலி கட்டி நிறுத்து. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள நானே கூட்டிட்டு வந்து காட்டுதேன்."

"நிறுத்தி வச்சா கறையான் திங்கும்மா."

"திங்கட்டும். உன்னைத் திங்காதே."

லாசர் சிரித்தார். "டீச்சரே, ஓடாத எஞ்சின் பழைய இரும்பாக்கும். பத்து நிமிஷம் சுத்திட்டு வயல்ல இறக்கிருவான்."

"சனங்க ஏற்கெனவே பயந்து பேடிச்சுக் கிடக்காவ. தலைக்கு மேல இது வந்தா ஓடி விழமாட்டாங்களா?"

"இது சண்டைக்குச் செஞ்சதில்ல," என்றான் ஞானதாஸ். "படிக்கதுக்குச் செஞ்சது. கீழ நிக்கவனுக்கும் ஒருநாள் அது தெரியணும்லா."

பகல் ஒரு மணிக்குக் கப்பைக்கிழங்கும் மீன்கறியும் சாப்பிட்டோம். இரண்டு மணிக்கு அவர்கள், விமானம் ஓடி எழும்ப வேண்டிய அறுப்பு முடிந்த வயலைப் பார்க்கப் போனார்கள். நான் தனியாக விமானத்தைச் சுற்றி வந்தேன். இறக்கை முழுவதும் துணி. பாலராமபுரத்துக் கைத்தறியை இழுத்துக் கட்டி, மேலே டோப் என்னும் பிசின் பூச்சைத் தடவியிருந்தார்கள். அது துணிக்குள் ஊறி, காய்ந்து இறுகினால்தான் இறக்கை காற்றைத் தாங்கும். கீழ் இறக்கையின் ஓரத்தில் கரப்பான் அரித்த தடம் இருந்தது. நகத்தால் நெருடினேன். பூச்சு, பாலாடை போலத் துணியைவிட்டுத் தனியே எழுந்து வந்தது.

இருபது வருடமாகத் தையல் சொல்லிக் கொடுக்கிறேன். மூலையில் மிச்சமிருந்த துணியில் ஒரு துண்டு கிழித்து, செம்புத் தண்ணீரில் முக்கிக் கசக்கினேன். தண்ணீர் வெள்ளையாகக் கலங்கியது. நெசவுக்காரர்கள் பாவு நூலுக்குப் போட்ட கஞ்சி. அதை அலசாமலே கட்டியதால் பூச்சு துணிக்குள் ஊறவில்லை. பட்டாளத்தில் இவர்கள் கைக்குத் துணி தயாராக வந்திருக்கும்; அலச வேண்டும் என்று யார் சொல்லியிருப்பார்கள்?

எனக்கு முதலில் வந்தது சந்தோஷம். நாளைக்குப் பறக்க முடியாது.

திரும்பி வந்தவர்களிடம் செம்பை நீட்டினேன். லாசர் மேல் இறக்கையில் கத்தியை வைத்துக் கீறி இழுத்தார். பூச்சு கை அகலத்துக்கு உரிந்தது. ஞானதாஸ் தரையில் உட்கார்ந்துவிட்டான். லாசர் சொன்னார்: "டீச்சர் வந்தது நல்லதாச்சு. எல்லாத்தையும் உரிச்சு, வேற துணி கெட்டணும். ஒரு மாசம். பெறவு பேடிக்காண்டாம்."

ஞானதாஸ் நிமிர்ந்து என்னைக் கேட்டான்: "கஞ்சி முழுசும் போக என்ன செய்யணும்மா?"

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். அப்படிச் சொன்னால் அவன் ஏதோ ஒரு மாதிரி அலசிக் கட்டிக்கொண்டு பறப்பான். "ஒரு ராத்திரி ஊறணும். பெறவு வெந்நீரில மூணு தரம். கடைசித் தண்ணி தெளிஞ்சு நிக்கணும்," என்றேன்.

சனிக்கிழமை ஊர்வலம் விமானம் இல்லாமல் ரோட்டோடு போனது. கோஷம் கொட்டகைவரை கேட்டது. நாங்கள் மூவரும் அண்டா வைத்து, மீதியிருந்த நாலு பீஸ் துணியையும் அலசினோம். அவர்கள் கைக்கு விட்டால் சரியாக வராது என்று பெரும்பாலும் நானே கசக்கினேன்.

ஞாயிறு பகல் மூன்று மணிக்குத் திரும்பும் பஸ். என்னை ஏற்றிவிட வந்தவனிடம், பறக்கிற நாளை எனக்கு எழுதாதே, இறங்கிய பிறகு எழுது என்றேன். "செரிம்மா," என்றான்.

வண்டி களியக்காவிளை தாண்டும்போது இந்தப் பயம் பிடித்தது. வகுப்பில் ஒரு பிள்ளை துணியைச் சரியாக அலசாவிட்டால் ஜாக்கெட் சுருங்கும், பிரித்துத் தைத்துக்கொள்வோம். மூன்றாவது பீஸை அலசிக்கொண்டிருந்தபோது வெந்நீர் தீர்ந்து, லாசர் வேறு தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினார். அதற்குப் பிறகு நான் மூன்று தரம் அலசினேனா, இரண்டா என்று நினைவில்லை. வீட்டுக்கு வந்ததும் அவனுக்கு ஒரு கார்டு எழுதிப் போட்டேன்: மூன்றாவது பீஸைக் கட்டாதே, மறுபடி அலசு. எது மூன்றாவது என்று அவனுக்கு எப்படித் தெரியும்? எல்லாம் ஒரே வெள்ளை. நாளைக் காலை ஆறரை வண்டிக்கு மறுபடி போகிறேன்.