நான் வைக்காத கொள்ளி

பெட்டியை ஆறு பேர் தூக்கிக்கொண்டு தேவாலய மேட்டில் ஏறினோம். குளிரில் கை விறைத்து, பிடித்திருக்கிறேனா இல்லையா என்றே தெரியவில்லை. உள்ளே கிடந்தவர் மூன்று வருடம் என்னோடு ஒரே அறையில் இருந்த அண்ணை. நோர்வேயின் வடகரையில், கடலை நம்பிப் பிழைத்த ஒரு சின்னஞ்சிறிய ஊராட்சி அது. சண்டைக்குத் தப்பி ஓடிவந்த எங்களுக்கு அங்கிருந்த மீன் தொழிற்சாலைதான் சோறு போட்டது. மீன் வெட்டும் மேசையோரம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்த அண்ணை பிறகு எழும்பவே இல்லை. தகனம் செய்யக்கூடிய நகரம் நெடுந்தூரத்தில் இருந்தது. பாதையைப் பனிப்புயல் மூடியிருந்தது. யாரிடம் என்ன கேட்பது என்றுகூட எங்களுக்குத் தெரியவில்லை. எங்கள் வேலையை மேற்பார்த்த அந்த ஊர்ப் பெண்தான் தன் பெற்றோரின் கல்லறைக்குப் பக்கத்தில் இடம் கேட்டு வாங்கித் தந்தாள்.

இரண்டு மாதம் கழித்து யாழ்ப்பாணத்திலிருந்து அவருடைய அக்காவின் கடிதம் வந்தது. “தம்பி, கொள்ளி வைச்சது ஆர்? அம்மா அதைத்தான் திருப்பித் திருப்பிக் கேக்கிறா.” நான்தான் வைத்தேன், சாம்பலைக் கடலில் கரைத்தேன் என்று பதில் எழுதினேன். எனக்கு அப்போது இருபத்துமூன்று வயது. ஒரு தாய் கொஞ்சம் கண்ணயரட்டும் என்பதற்கு மேல் எதையும் நான் யோசிக்கவில்லை.

அந்தத் தாய் போய்விட்டார். அக்கா லண்டனுக்கு வந்து செவன் கிங்ஸில் இருக்கிறார். நானும் பிழைப்பு மாறி அதே லண்டனில் ஹரோவுக்கு வந்துவிட்டேன். வருடா வருடம் அண்ணையின் திவசத்துக்கு அக்கா என்னைத்தான் பந்தியில் முதலில் இருத்துவார். “என்ர தம்பிக்குச் செய்ய வேண்டியதைச் செய்த பிள்ளை” என்று வந்தவர்களுக்குச் சொல்லுவார். நான் தலையை நிமிர்த்தாமல் சாப்பிட்டுவிட்டு எழும்புவேன்.

போன மாதம் அந்த நோர்வே ஊரின் வரலாற்றுச் சங்கத்திடமிருந்து ஒரு கடிதம் வந்தது. பழைய படகுக் கொட்டில்கள், மீன் காயவைக்கும் மரச்சட்டங்கள், தேவாலயத்துக் கல்லறைகள் எல்லாவற்றையும் பதிந்து பாதுகாக்கிறார்களாம். தூர தேசத்திலிருந்து வந்து உழைத்து அங்கேயே அடங்கிய முதல் மனிதர் என்று அண்ணையின் கல்லையும் அதில் சேர்க்க விரும்புகிறார்கள். இரத்த உறவின் கையெழுத்து வேண்டும். கல்லின் படமும் இருந்தது. பெயர் அழியாமல் அப்படியே இருந்தது.

எவ்வளவு நல்ல மனதோடு எழுதிய கடிதம்! யாரோடு கோபிப்பது? கிழிக்க இரண்டு தரம் எடுத்தேன், முடியவில்லை. ஒரு சனிக்கிழமை செவன் கிங்ஸுக்குப் போய், படத்தை அக்காவின் கையில் கொடுத்து எல்லாவற்றையும் சொன்னேன்.

கத்துவார் என்று நினைத்தேன். படத்தைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்தபடி இருந்தார்.

“அப்ப அவன் மண்ணுக்குள்ளயோ கிடக்கிறான்?”

“ஓம் அக்கா.”

“அங்க அவனை ஆர் பாக்கிறது?”

கல்லறைக்கு இடம் வாங்கித் தந்த அந்தப் பெண் ஒவ்வொரு நத்தார்ப் பண்டிகைக்கும் பனியை விலக்கி அவருக்கு மெழுகுதிரி ஏற்றி வந்ததாகவும், இப்போது முதியோர் இல்லத்தில் எவரையும் அடையாளம் தெரியாமல் இருப்பதாகவும் கடிதத்தில் எழுதியிருந்தார்கள். அதைச் சொன்னேன்.

அக்கா பேனையை வாங்கி, சங்கம் அனுப்பிய படிவத்தில் உறவு என்ற இடத்தில் ‘அக்கா’ என்று தமிழில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். பிறகு மெதுவாகக் கேட்டார்: “இவ்வளவு காலமும் நான் செய்தது அவனுக்குப் போய்ச் சேர்ந்திருக்குமோ, தம்பி?”

“தெரியாது அக்கா” என்றேன்.

ஆறுதலாக ஏதாவது சொல்லியிருக்கலாம். முன்பு ஒரு தரம் அப்படித்தான் சொன்னேன்.