பெயின்ட்டோடு பிய்ந்து வந்த இறக்கை

சில வருடங்களுக்கு முன், திருமழிசைப் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் நான் கடைசி வருடம் படித்துக்கொண்டிருந்தபோது நடந்தது இது. கல்லூரியில் மாதிரி ராக்கெட் செய்யும் குழு ஒன்று இருந்தது. மொத்தம் ஆறு பேர், நான்தான் கேப்டன். முகப்பேரிலிருந்து வருகிற பெண், மேடையில் தடுமாறாமல் பேசுவேன், ஆங்கிலத்தில் அறிக்கை எழுதுவேன். அந்தத் தகுதிக்குத்தான் கேப்டன் பதவி. கத்தியும் பசையும் கையில் எடுத்து உண்மையில் ராக்கெட் செய்தவன் வேறொருவன்.

அவன் பட்டாபிராம்காரன். பாலிடெக்னிக் முடித்துவிட்டு நேராக இரண்டாம் வருடத்தில் வந்து சேர்ந்தவன். அப்படி வருகிறவர்களை எங்கள் வகுப்பில் ‘லேட்டரல்’ என்று ஒரு மாதிரி இழுத்துச் சொல்வார்கள். நானும் சொல்லியிருக்கிறேன், பொய் சொல்வானேன். சனி, ஞாயிறுகளில் தொழிற்பேட்டையில் ஃபைபர் கூரையும் தொட்டியும் செய்யும் பட்டறை ஒன்றில் வேலை பார்ப்பான். அதனால் பசை, ஃபைபர் துணி எல்லாம் அவன் கைக்குப் பழகியவை.

அந்த வருடம் நாங்கள் செய்தது நான்கு மோட்டார் ராக்கெட். ஒரே குழாய்க்குள் நான்கு மோட்டார்கள் பக்கம் பக்கமாக நின்று சேர்ந்து உதைக்கும். அந்த உதையில் ராக்கெட் நேராகப் போவதும் போகாததும் அடியில் இருக்கும் நான்கு இறக்கைகளின் கையில். “நாலும் ஒரே டைம்ல பத்திக்கும்னு இன்னா கேரண்டி? ஒண்ணு லேட்டா பத்துச்சுன்னா சைடுல சாஞ்சுரும். அத்த நிமித்துறது றெக்கதான் பா” என்பான். பிளைவுட்டில் வெட்டி, மேலே ஃபைபர் துணி சுற்றி, பசையில் ஊறவைத்து அவன் செய்த இறக்கையை இரண்டு செங்கல் மேல் வைத்து ஏறி நின்றான். “ஏறு கேப்டன், ஒட்ச்சு காட்டு!” என்றான். நானும் ஏறிக் குதித்துப் பார்த்தேன். அது அசையவே இல்லை.

குழாய்க்குள் மோட்டார்கள் அடைத்துக்கொண்டதால் இறக்கையின் அடியை உள்ளே சொருகி ஒட்ட இடமில்லை. வெளிப்பக்கத்துப் பசைதான் முழு பாரத்தையும் தாங்க வேண்டும். அதற்காகக் குழாயின் மேல் இறக்கை வரப்போகும் நான்கு இடங்களில் இரண்டு விரல் அகலத்துக்கு டேப் ஒட்டி வைத்திருந்தான். அங்கே பெயின்ட் படக் கூடாது என்று என்னிடம் இரண்டு தடவை சொல்லிவிட்டு, பட்டறையில் பூஜை வேலை இருக்கிறது என்று கிளம்பிப் போனான்.

மறுநாள் கல்லூரியில் ஆயுத பூஜை. ராக்கெட்டையும் பூஜையில் வைக்க வேண்டும், நிர்வாகத்திலிருந்து வருகிறார்கள், போட்டோ எடுப்பார்கள் என்று எங்கள் பேராசிரியர் சொல்லிவிட்டார். எனக்குத் தலைகால் புரியவில்லை. அந்த டேப்புகள் அடிபட்ட காலில் கட்டுப் போட்ட மாதிரி இருந்தன. பிய்த்து எறிந்தேன். வெள்ளை ஸ்பிரே பெயின்ட்டை மேலிருந்து கீழ் வரை அடித்தேன். பொரி, வாழைப்பழத்துக்கு நடுவில் சந்தனம் குங்குமத்தோடு ராக்கெட் பளபளவென்று நின்றது. ‘ஃபினிஷிங் பிரமாதம்’ என்று எல்லோரும் என்னைத்தான் பாராட்டினார்கள்.

விடுமுறை முடிந்து வந்தவன் குழாயைத் தொட்டுப் பார்த்ததும் முகம் சுருங்கிப் போனான்.

“டேப்ப யாரு எட்த்தது?”

“நான்தான். போட்டோவுக்கு அசிங்கமா இருந்துச்சு.”

“இன்னா பா நீ! பெயின்ட் மேல ஒட்டுனா பசை பெயின்ட்டத்தான் புடிச்சுக்கும், ராக்கெட்ட புடிக்காது. நாலு எடத்துலயும் அடி வரிக்கும் தேய்ச்சு எடுக்கணும்.”

“நான் அடிச்சது, நானே தேய்க்கிறேன்” என்று வீராப்பாகச் சொன்னேன். அவனும் சரியென்று துணி வெட்டும் வேலைக்குப் போனான்.

உப்புத்தாளை எடுத்து உட்கார்ந்தேன். முதல் இடத்தைத் தேய்க்கவே ஒரு மணி நேரம் ஆனது. மணிக்கட்டு விட்டுப்போனது, நகமெல்லாம் வெள்ளை. குழாயின் காகிதமும் வெள்ளை, பெயின்ட்டும் வெள்ளை, யாருக்குத் தெரியப்போகிறது? மீதி மூன்று இடங்களில் பளபளப்பு மட்டும் போகிற மாதிரி நாலு இழுப்பு இழுத்துவிட்டு, துணியால் துடைத்துவைத்தேன்.

மறுநாள் பசை கலக்குவதற்கு முன் கேட்டான். “அடி வரிக்கும் எட்த்துட்டியா?”

“எடுத்தாச்சு பா. என்னை நம்ப மாட்டியா?”

நம்பினான். நம்பி, அன்று முழுக்க உட்கார்ந்து நான்கு இறக்கைகளையும் அப்படி நறுவிசாக ஒட்டினான்.

ராக்கெட் விடும் நாளில் அம்பத்தூரிலிருந்து ஒருவர் வந்திருந்தார். ட்ரோன் செய்யும் சின்ன கம்பெனியில் இன்ஜினியர். இறக்கைகளின் படத்தை முன்பே பார்த்துவிட்டு, “இதை செஞ்ச பையனை எனக்குக் காட்டுங்க, கைவேலை தெரிஞ்ச ஆளுதான் எங்களுக்கு வேணும்” என்று பேராசிரியரிடம் சொல்லியிருந்தார். தேறாத பாடங்கள் அரியராக இருந்ததால் கேம்பஸ் இன்டர்வியூவில் அவனை எந்தக் கம்பெனியும் உட்காரவே விடவில்லை. அவனுக்கு இருந்த ஒரே வழி இந்த மனிதர்தான். அன்று அயர்ன் பண்ணின சட்டை போட்டு வந்திருந்தான். “இன்னா, மாப்ள மாரி கீற!” என்று மற்ற பையன்கள் ஓட்டினார்கள். அவனும் சிரித்துக்கொண்டிருந்தான்.

அனுமதி வாங்கிய காலி மைதானம். வந்தவர்களுக்கு ராக்கெட்டைப் பற்றி நான்தான் விளக்கிப் பேசினேன். பத்திலிருந்து எண்ணினோம். நான்கு மோட்டாரும் பற்றிக்கொண்டு ராக்கெட் சீறிக் கிளம்பியது. தென்னை மர உயரம்கூட இருக்காது, ஒரு இறக்கை தனியாகப் பறந்தது. ராக்கெட் குட்டிக்கரணம் போட்டு, சுழன்று சுழன்று மைதானத்தின் கோடியில் போய்க் குத்தியது. நல்லவேளை, அந்தப் பக்கம் யாரும் இல்லை.

எல்லோரும் ஓடினோம். மூன்று இறக்கைகள் கழன்று கிடந்தன. குழாயே நசுங்கிப்போயும் ஒரே ஒரு இறக்கை மட்டும் கெட்டியாக நின்றது. அது எந்த இடம் என்று பார்த்த உடனே எனக்குத் தெரிந்துவிட்டது. நான் ஒரு மணி நேரம் தேய்த்த இடம்.

“ஒண்ணை ஒழுங்கா ஒட்டத் தெரிஞ்சவனுக்கு மூணு ஏன்யா இப்படி? அசால்ட்டு!” என்று பேராசிரியர் அவன் மேல் பாய்ந்தார். அம்பத்தூர்க்காரர், “பசை கலந்த அளவுல தப்பாயிடுச்சா தம்பி?” என்று கேட்டார்.

அவன் கீழே கிடந்த இறக்கையை எடுத்துத் திருப்பினான். பசையின் அடியில் பால் ஏடு மாதிரி வழவழவென்று வெள்ளை பெயின்ட் ஒட்டிக்கொண்டிருந்தது. நகத்தால் சுரண்டிப் பார்த்தான். அப்புறம் நிமிர்ந்து என்னைப் பார்த்தான். கோபமாகப் பார்த்திருந்தால்கூடத் தேவலை. நான் குனிந்து, ஒன்றுமே ஆகாத ஒயரை எடுத்துச் சுற்ற ஆரம்பித்தேன். கொஞ்ச நேரம் அப்படியே நின்றவன், இறக்கையை என் கையில் கொடுத்தான். “இந்தா கேப்டன்” என்றான். அவ்வளவுதான்.

அம்பத்தூர்க்காரர் வாட்சைப் பார்த்தார். கிளம்பும்போது எனக்குக் கைகொடுத்து, “நீங்க நல்லா பேசுனீங்கம்மா” என்றார். அவனிடம் போன் நம்பர்கூடக் கேட்கவில்லை. ‘பசை சரியாக இறுகாததால் தோல்வி’ என்று நான் எழுதிய அறிக்கையில் அவன் படிக்காமலே கையெழுத்துப் போட்டான். அதற்குப் பிறகு குழுவின் பக்கமே வரவில்லை.

இதோடு விட்டேனா? எனக்கு நடந்த வேலை இன்டர்வியூவில், ‘நீங்கள் சந்தித்த தோல்வி எது?’ என்று கேட்டார்கள். இந்தக் கதையைத்தான் சொன்னேன். குழுவில் ஒருவர் செய்த தவறுக்குத் தலைவராக நான் பொறுப்பேற்றேன் என்றேன். தலையாட்டிக் கேட்டுவிட்டு வேலை கொடுத்தார்கள். நினைத்தால் என் மேலேயே காறித் துப்பத் தோன்றுகிறது.

போன வருடம் ஆவடி ரயில் நிலையத்தில் அவனைப் பார்த்தேன். அதே பட்டறையில்தான் இருக்கிறானாம். ஃபைபர் அரித்து முழங்கை வரை தடித்திருந்தது. நல்லாயிருக்கியா என்று கேட்டுவிட்டு, அதற்கு மேல் அடக்க முடியாமல் எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தேன். பொறுமையாகக் கேட்டான்.

“அன்னிக்கே தெரியும் பா.”

“அப்ப ஏன் சொல்லல?”

“நான் சொன்னா யாரு நம்புவா? லேட்டரல் பையன் தப்ப மறைக்க கேப்டன் மேல பழி போட்றான்னுதான் சொல்லுவாங்க. நீ சொன்னா நம்புவாங்க. அதான் நீ சொல்லுவேன்னு நின்னுகினு இருந்தேன்.”

ரயில் வந்தது. “வர்ட்டா” என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டு ஏறிப் போய்விட்டான். நான் போக வேண்டிய ரயிலும் அதுதான். நான் ஏறவில்லை.

பெயின்ட் அடித்தது அறியாமை, தேய்க்காமல் விட்டது சோம்பேறித்தனம், இரண்டுக்கும் மன்னிப்பு உண்டு என்று மனதைத் தேற்றிக்கொள்ளலாம். ஆனால் ஒருவன் தன் பிழைப்பையே என் வாயில் வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்து நின்றபோது நான் வாயைத் திறக்கவில்லை. நான் எப்படிப்பட்டவள் என்று அன்றைக்கு எனக்கே தெரிந்துபோனது, அதற்குப் பிறகு யார் என்னை நல்ல பெண் என்று சொன்னாலும் என்னால் நம்ப முடிவதில்லை.