சாம்பல் கதவுள்ள சிவப்புக் கார்

அம்மாவுக்குக் கை சும்மா இருந்தால் வாய் சும்மா இருக்காது என்பது அப்பாவின் கருத்து. ஆகவே, மொன்றியலின் புறநகரான ரொக்ஸ்பரோவில் எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளியிருந்த நூலகத்தின் கீழ்த்தளத்தில் வியாழக்கிழமைதோறும் கூடிக் கம்பளம் செய்யும் பெண்களோடு அம்மா போய்ச் சேர்ந்தபோது, அம்மாவைவிட அப்பாதான் அதிகம் மகிழ்ந்தார். பழைய கம்பளிக் கோட்டு, பாவாடை எல்லாவற்றையும் சுடுநீரில் தோய்த்துச் சுருங்க வைத்து, கீலம் கீலமாக வெட்டுவார்கள். சட்டத்தில் இழுத்துக் கட்டிய சாக்குத் துணியில் அந்தக் கீலங்களை ஒரு கொக்கியால் கீழிருந்து மேலே இழுத்து, சின்னச் சின்ன வளையங்களாக நிரப்புவார்கள். முடிச்சு என்று ஒன்றும் கிடையாது. வளையங்களின் நெருக்கம்தான் ஒன்றையொன்று பிடித்து வைத்திருக்கும். மாதக்கணக்கில் பாடுபட்டு இப்படியொரு கால்மிதி செய்து, பிறகு அதை யாரும் மிதிக்காமல் சுவரில் மாட்டுகிறார்களே என்று அப்பாவுக்கு ஒரே ஆச்சரியம்.

அங்கே எல்லோரும் தலை நரைத்த ஆங்கில, பிரெஞ்சுப் பெண்கள். அம்மா ஒருவர்தான் தமிழ். அவருடைய ஆங்கிலம் அரை, பிரெஞ்சு கால். மீதியைச் சிரித்துச் சமாளித்தார். ஒவ்வொரு வசந்தத்திலும் அவர்கள் ஒரு கண்காட்சி வைப்பார்கள். எனக்கு ஒன்பது வயதான அந்த ஆண்டு, எல்லோரும் தங்கள் வீட்டு யன்னலில் தெரிவதைக் கம்பளமாகச் செய்வது என்று முடிவானது. பக்கத்துத் தீவான இல்-பிசாரில் இருந்து வரும் அம்மையாருக்கு ஆறு தெரிந்தது. இன்னொருவருக்கு மேப்பிள் மரமும் அதில் ஒரு நீலப் பறவையும் தெரிந்தன. மூன்றாம் மாடியில் எங்கள் குசினி யன்னலில் ரயில் நிலையத்தின் கார் தரிப்பிடம் தெரிந்தது. அம்மா சளைக்கவில்லை. சட்டத்தைக் குசினிக்குக் கொண்டுவந்து, பனிக் குவியல், விளக்குக் கம்பம், தண்டவாளம் என்று தொடங்கிவிட்டார்.

அந்தத் தரிப்பிடத்தின் குறுக்கால்தான் நான் பள்ளியிலிருந்து நடந்து வருவேன். சனவரியில் ஒருநாள், வேலியோரம் நின்ற சிவப்புக் காருக்குள் என் சித்தப்பா இருந்து சோறு சாப்பிடுவதைக் கண்டேன். அது அவருடைய கார்தான் என்பதில் சந்தேகமே இல்லை. ஒரு பக்கம் யாரோ கொண்டுவந்து இடித்த பிறகு, பழைய உதிரிப்பாகக் கடையில் வாங்கிப் பூட்டிய சாம்பல் நிறக் கதவு அதில் இருந்தது. லவாலில் குடியிருந்த அவர் அந்த நேரம் மொன்றியலில், உடுப்புத் தைக்கும் தொழிற்சாலையில், துணி வெட்டிக்கொண்டிருக்க வேண்டும். நான் கண்ணாடியில் தட்டியதும் அவர் பதறிப்போனார். என்னை உள்ளே ஏற்றி, தொழிற்சாலையை மூடிவிட்டார்கள் என்றும், சித்திக்கு இன்னும் தெரியாது என்றும், வேறு வேலை எடுத்த பிறகு தானே சொல்லப்போவதாகவும் சொன்னார். ஒரு சொக்கலேட்டும் தந்தார்.

“ஒருத்தருக்கும் சொல்லக்கூடாது பிள்ளை. அப்பாவுக்கும் சொல்லாதை. அந்தோனியார் மேலை சத்தியம் பண்ணு,” என்றார்.

பண்ணினேன். சொக்கலேட் பாதி முடிந்திருந்த நிலையில் வேறென்ன செய்ய முடியும்? ஆனால் படியேறும்போதே சித்தியின் நினைவு வந்துவிட்டது. கோயிலடியில் யாரோ ஒருவர் மனைவியிடம் ஏதோ மறைத்த கதை வந்தபோது, தனக்குப் பொய் சொன்ன மனுசனோடு ஒருநாளும் இருக்க மாட்டேன் என்று சித்தி சொன்னதை என் காதால் கேட்டிருந்தேன். சித்தி சொன்னால் செய்கிறவர். சித்தப்பாவை விட்டுவிட்டுப் போய்விடுவார் என்றே நான் முடிவுகட்டினேன்.

பெப்ரவரி முழுவதும் இந்தப் பயத்தை நானே சுமந்தேன். பள்ளி விட்டு வரும்போது கார் நின்றால், மற்றப் பக்கம் பார்த்தபடி கையை மட்டும் லேசாகக் காட்டிவிட்டு ஓடுவேன். நிற்காவிட்டால், வேலை கிடைத்துவிட்டது என்று மனம் துள்ளும். அடுத்த நாள் அது அதே வேலியோரம் நிற்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் பூசை முடிந்து சித்தி என்னைக் கொஞ்சும்போதெல்லாம், என் முகத்தில் எழுதியிருப்பதை அவர் வாசித்துவிடுவாரோ என்று குனிந்துகொள்வேன்.

மார்ச் மாதத்தில் ஒருநாள் வீட்டுக்கு வந்து கம்பளத்தைப் பார்த்தேன். வெள்ளையும் சாம்பலுமாக இருந்த தரிப்பிடத்தில், வேலியோரம், என் உள்ளங்கை அளவில் ஒரு சிவப்புக் கார் முளைத்திருந்தது. கோயில் பழைய துணி விற்பனையில் வாங்கிய சிவப்புக் கோட்டின் ஒரு கை அப்படியே அதற்குள் போயிருந்தது. ஒரு கதவு மட்டும் சாம்பல்.

அது யாருடைய கார் என்று கேட்டேன்.

“ஆரின்ரையோ. ஒவ்வொரு நாளும் அதிலைதான் நிக்குது,” என்றார் அம்மா, தலையை நிமிர்த்தாமல்.

நீல நிறம் நல்லாயிருக்கும் என்று சொல்லிப் பார்த்தேன். நிற்பது சிவப்பு, பிறகு எப்படி நீலம் போடுவது என்றார். காரே இல்லாவிட்டால் வடிவாக இருக்கும் என்றேன். கார் தரிப்பிடத்தில் கார் இல்லாவிட்டால் அது என்ன தரிப்பிடம் என்றார். சித்தி கண்காட்சிக்கு வருவார். கம்பளத்தின் முன்னால் நிற்பார். தன் காரின் கதவைத் தானே அடையாளம் காண்பார். அதன் பிறகு நடக்கப்போவதை நினைத்தால் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. செமிபாட்டுக் கோளாறு என்று நினைத்து அம்மா எனக்கு இரண்டு முறை வேர்க்கொம்பு அவித்துத் தந்தார். அதற்கும் இந்த வருத்தத்துக்கும் சம்பந்தமில்லை என்று எப்படிச் சொல்வது?

கண்காட்சி ஏப்ரலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. முதல்நாள் சனிக்கிழமை, மண்டபத்தில் கம்பளங்களை மாட்டுவதற்கு அம்மாவோடு போனேன். எங்கள் கம்பளம் தன் முறைக்காக மேசைமேல் கிடந்தது. பெண்கள் எல்லோரும் தேநீர் குடிக்க மறுபக்கம் போனார்கள். ஒரு மேகம் சரிவரவில்லை என்று அம்மா கீலத்தின் நுனியைப் பிடித்து இழுக்க, அந்த வரிசை முழுவதும் சரசரவென்று கழன்று வந்ததை நான் முன்பு பார்த்திருக்கிறேன். சிவப்பின் நுனியைத் தேடிப் பிடித்தேன். இழுத்தேன். கூரை போனது, சில்லுகள் போயின, சாம்பல் கதவும் போனது. ஒரு நிமிடம்கூட எடுத்திருக்காது. எல்லாவற்றையும் கையில் சுருட்டிக்கொண்டு மலசலகூடத்துக்கு ஓடி, குப்பைத் தொட்டியின் அடியில், ஈரக் கடதாசிகளுக்குக் கீழே அமுக்கினேன்.

திரும்பி வந்தபோது அம்மா மேசையருகே நின்றார். கார் நின்ற இடத்தில் வெறும் சாக்கு பல்லைக் காட்டியது. மூன்று மாத வேலை.

“ஏன் பிள்ளை?” என்று மட்டும் கேட்டார்.

அடி விழும் என்று நினைத்தேன். விழுந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். சத்தியத்தை மீறவும் முடியாமல், பொய்யொன்றும் வாயில் வராமல், எனக்கு அந்தக் கார் பிடிக்கவில்லை என்று சொல்லி அழத் தொடங்கினேன். சிவப்பு எங்கே என்றார் அம்மா. எறிந்துவிட்டேன் என்றேன். ஆறு தெரியும் அம்மையார் ஓடிவந்து எட்டிப் பார்த்து, நெஞ்சில் கை வைத்து, தன் பையிலிருந்து வெள்ளைக் கீலங்களை அள்ளி நீட்டினார். மண்டபம் பூட்ட ஒரு மணி நேரம்கூட இல்லை. அதற்குள் இன்னொரு கார் செய்ய முடியாது. அம்மா உட்கார்ந்து, அந்த இடம் முழுவதையும் வெள்ளையால் நிரப்பினார்.

மறுநாள் பூசை முடிந்து சித்தப்பாவும் சித்தியும் வந்தார்கள். சித்தப்பா வாசலில் இருந்தே எங்கள் கம்பளத்தைக் கண்டுவிட்டார். விளக்குக் கம்பத்தையும் வேலியையும் பார்த்ததும் அவர் முகம் வெளிறிப்போனது. கிட்ட வந்து மூலை மூலையாகத் தேடினார். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்து, என் தலையில் கையை வைத்து ஒரு அழுத்து அழுத்தினார். நல்ல வடிவாக இருக்கிறது என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு, கேக் வைத்திருந்த மேசைப் பக்கம் போனார். அவர் அவ்வளவு நிம்மதியாக நடந்து நான் பல நாள் பார்த்ததில்லை. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

சித்தி போகவில்லை. அந்த வெள்ளையின்மேல் விரலை வைத்தார்.

“அக்கா, இதிலை நிண்ட கார் எங்கை?”

அம்மா என்னை ஒருமுறை பார்த்தார்.

“பனி மூடிப்போட்டுது,” என்றார்.

சித்தி, கேக் தின்றுகொண்டிருந்த சித்தப்பாவின் முதுகையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். நான் மளமளவென்று கணக்குப் போட்டேன். கம்பளத்தில் ஒரு கார் இருக்கிறது என்று அம்மா தொலைபேசியில் சொல்லியிருப்பார், அது சித்தப்பாவின் கார் என்று இரண்டு பேருக்கும் தெரியாது. தேவாலயத்தின் மறுகோடியில் இருப்பவரின் சேலைக் கரையைச் சரியாகச் சொல்லக்கூடிய அம்மாவுக்கு, சாம்பல் கதவு போட்ட சிவப்புக் காரைத் தெரியவில்லையே என்று எனக்கு அவர்மேல் இரக்கம்கூட வந்தது.

எனக்குக் கலியாணம் முடிந்த பிறகுதான் ஒருநாள் சித்தி இதைச் சொன்னார். தொழிற்சாலை மூடிய விஷயம் அந்தக் கிழமையே, அங்கு வேலை செய்த இன்னொருவரின் மனைவி மூலம் அவருக்குத் தெரிந்துவிட்டது. சித்தப்பா எங்கே போகிறார் என்று தெரியாமல் தவித்துக்கொண்டிருந்தவருக்கு, இங்கேதான் நிற்கிறார் என்று சொன்னது அம்மா. குளிருக்குள் தனியே இருக்கிற மனுசன் ஏதாவது செய்துகொள்வாரோ என்ற பயத்தில், சித்தி ஒவ்வொரு மத்தியானமும் தொலைபேசி எடுப்பாராம். நிக்குது என்று அம்மா யன்னலால் பார்த்துச் சொல்வாராம். நேரே கேட்டால் சித்தப்பா வெட்கத்தில் உடைந்துபோவார். அதனால் அவரே தன் காரைச் சுவரில் கண்டு, தங்கள் இருவருக்கும் தெரியும் என்று விளங்கி, வாய் திறக்கட்டும் என்று இருவரும் சேர்ந்து செய்த ஏற்பாடுதான் அந்தக் கார். சித்தி இதைச் சிரித்துக்கொண்டே சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

சித்தப்பாவுக்கு வேறு வேலை கிடைத்தது யூன் நடுவில். கண்காட்சிக்குப் பிறகு அதுவரை இன்னும் எட்டுக் கிழமைகள், அவர் அந்த வேலியோரம் தனியாகவே இருந்து சாப்பிட்டார். நான் ஒவ்வொரு நாளும் பள்ளி விட்டு வந்து, இப்போது நேரே பார்த்துக் கை காட்டி, அவரைக் காப்பாற்றிவிட்ட சந்தோஷத்தில் படிகளை இரண்டு இரண்டாகத் தாண்டி ஏறினேன்.