பாவாயி மிளகு ஏணி ஏறினாள்

தலைச்சோலைப் பாவாயியைச் சரியாகத் தெரியாதவர்கள் ஊமைக்கொட்டான் என்பார்கள். ஊமையும் இல்லை ஒன்றும் இல்லை. எந்நேரமும் எதையாவது யோசித்துக்கொண்டிருப்பவளுக்குப் பேச நேரம் எங்கே? கல்யாணமாகி வந்த நாளிலிருந்து ஊருக்குப் பக்கத்து எஸ்டேட்டில் காப்பிப்பழம் பறிக்கிறாள். இந்த வேலை தனக்கானதில்லை என்று அவளுக்குத் தெரியும். எதுதான் தனக்கானது என்பது தெரியவில்லை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தொன்பதில், ஒரு எஸ்டேட் கூலிக்காரிக்கு இப்படியெல்லாம் கவலை வருமா என்று கேட்கிறவர்கள் கேட்டுக்கொள்ளட்டும். வந்தது, தூக்கத்தையும் கெடுத்தது.

சாயங்காலம், பறித்த பழத்தைச் சாக்கு விரித்துக் கொட்டி, பச்சைக்காயைப் பொறுக்கி எடுத்த பிறகுதான் அளப்பார்கள். கை அந்த வேலையைப் பார்க்கும்போது பாவாயி மனசுக்குள் அன்றையப் பொழுதையும் கொட்டிப் பொறுக்கத் தொடங்கினாள். காலையிலிருந்து நடந்ததில் எது பழம், எது காய்? மேஸ்திரியின் ஏச்சு காய். அட்டைக்கடி காய். பழம் என்று ஏதோ ஒன்று தேறும். யாரும் சொல்லிக்கொடுக்காமல், யாரிடமும் சொல்லாமல், தினமும் இதைச் செய்தாள்.

தேறிய பழமெல்லாம் மத்தியானத்தில்தான் இருந்தது. பெண்கள் எல்லோரும் பெரிய பாறைமேல் ஏறி உட்கார்ந்து கூழ் குடிக்கிற நேரம் அது. அப்போது அவளுக்கு நெஞ்சு நிறைந்துவிடும். அட, நமக்குப் பிடித்தது சாப்பாடும் சிநேகமும்தான் போலிருக்கிறது என்று முடிவு கட்டினாள். மேஸ்திரி அங்கப்பனிடம் நடையாய் நடந்து, துரை பங்களா சமையல்கட்டில் வேலை வாங்கிக்கொண்டாள். நிழலில் வேலை, நல்ல சாப்பாடு. புருஷன் சின்னனுக்குப் பெருமை பிடிபடவில்லை.

பாவாயிக்கு அங்கே மூச்சு முட்டியது. சமையல்காரம்மா மரியசெல்வி தங்கமான மனுஷி, பேச்சுத் துணைக்குக் குறைவில்லை. ஆனாலும் சாயங்காலம் மனசைக் கொட்டிப் பார்த்தால் அத்தனையும் பச்சைக்காய். மாசக்கணக்கில் தேடி ஒரே ஒரு பழம் கிடைத்தது. புகைபோக்கி அடைத்துக்கொண்டதென்று அவள் கூரைமேல் ஏறிக் குச்சியால் குத்திவிட்ட நாள் அது. அன்றைக்குக் கீழே இறங்க அவளுக்கு மனசே வரவில்லை.

அப்போதுதான் உறைத்தது. பாறையில் அவளுக்குப் பிடித்திருந்தது கூழும் இல்லை, பேச்சும் இல்லை. அந்தப் பாறைதான். சின்ன வயதில் பலாமரத்தைவிட்டு இறங்கமாட்டேன் என்று அடம்பிடித்து அம்மாவிடம் அடி வாங்கியதும் ஞாபகம் வந்தது. இவ்வளவு காலமும் காப்பிச்செடிக்குள் தலையை விட்டுக்கொண்டு நின்றவளுக்கு வேண்டியிருந்தது உயரம். அடுப்படியில் நின்றபடி தனியாகச் சிரித்தாள். மரியசெல்வி பயந்துபோய் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

எஸ்டேட்டில் உயரத்து வேலை ஒன்றுதான் உண்டு. நிழலுக்கு நிற்கிற சில்வர் ஓக் மரங்களில் மிளகுக்கொடி படர்ந்திருக்கும். ஒற்றை மூங்கில் ஏணியைச் சாத்தி, அதன் கணுக்களில் கால்வைத்து உச்சிவரை ஏறிப் பறிக்கவேண்டும். ஏறுவது ஆண்கள், கீழே உதிர்ந்ததைப் பொறுக்குவது பெண்கள். பாவாயி போய்க் கேட்டதும் அங்கப்பன் அவளைப் பரிதாபமாகப் பார்த்தார். பங்களா வேலையை விட்டால் திரும்பக் கிடைக்காது என்று எச்சரித்தார். விட்டுவிட்டேன் என்றாள். அந்த வருஷம் ஏணி ஆட்கள் பாதிப்பேர் நாகலூர்ப் பக்கம் வேலைக்குப் போய்விட்டிருந்தார்கள், பழுத்த மிளகு மண்ணில் கொட்டிக்கொண்டிருந்தது.

"ஒரே ஒரு மரம் ஏறு கண்ணு. கை நடுங்குச்சுன்னா அதோட உட்டுரோணும்" என்றார் அங்கப்பன்.

மறுநாள் காலை சின்னன் தன் காக்கி டவுசரைக் காணாமல் வீட்டையே கலைத்துப் போட்டான். அது புடவைக்குள் பாவாயியோடு எஸ்டேட்டுக்குப் போயிருந்தது.

கை நடுங்கத்தான் செய்தது. கணு கணுவாக ஏறினாள். காப்பிச்செடி கீழே போயிற்று, பனி கீழே போயிற்று, ஆட்களின் பேச்சும் கீழே போயிற்று. உச்சியில் இலைகள் விலகியபோது அவள் பறிக்க மறந்தாள். சேர்வராயன் மலைமுகடு வெயிலில் நின்றது. அதற்கிந்தப் பக்கம் மலைமேல் மலையாக, பேர் தெரியாத பச்சை எல்லாம் கிடந்தது. மலை முடிகிற இடத்தில் அடிவாரமும் சேலத்துப் பூமியும் வானத்தோடு கலந்து கிடந்தன. இத்தனையும் இத்தனை நாளும் தன் தலைக்குமேல் ஓர் ஏணி தூரத்தில் இருந்திருக்கிறதா? ஒரு கையால் கொடியைப் பிடித்துக்கொண்டு மறுகையால் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். பிறகுதான் மிளகுச்சரத்தைத் தொட்டாள். நடுக்கம் நின்றுபோயிருந்தது.

பை பாதி நிறைவதற்குள் சின்னன் ஓடிவந்துவிட்டான். பங்களா வேலையை உதறியதும், பெண்டாட்டி மரமேறியதும் ஒரே நேரத்தில் காதில் விழுந்தால் எந்தப் புருஷனுக்கும் தலை சுற்றும். ஊட்டு மானம் போச்சு, உடனே இறங்கு என்று கத்தினான். நிறைத்துவிட்டு வருவதாக மேலேயிருந்து பதில் வந்தது. இழுத்துப் போடுகிற கோபத்தில் ஏணியைப் பிடித்தான். பிடித்த பிறகுதான் அதன் கால் ஈரமண்ணில் வழுக்குவது தெரிந்தது. பதறி, தோளை முட்டுக்கொடுத்து நின்றான்.

அப்படியே வெகுநேரம் நின்றான். கோபம் எப்போது போனதென்று அவனுக்கே தெரியாது. அண்ணாந்து பார்த்துக் கேட்டான்.

"அங்கிருந்து என்ன புள்ள தெரியுது?"

பாவாயி சுற்றிலும் ஒருமுறை பார்த்தாள்.

"எல்லாமே தெரியுதுங்க. நம்ம ஊடும் தெரியுது. நொம்பச் சின்னதா இருக்குதுங்க."

சின்னன் அதன்பிறகு அவளை இறங்கச் சொல்லவில்லை. ஏணியை இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்துக்கொண்டான்.