சித்தப்பாவின் எலுமிச்சையும் உலக முடிவும்

பாளையங்கோட்டையில் கல்லூரி நூலகத்தில் உட்கார்ந்து பியூரிட்டன்களைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தபோதுதான் சித்தப்பா மகள் ஜெபாவிடமிருந்து போன் வந்தது.

"அக்கா, திருநெல்வேலியில நர்சிங் சீட் கெடச்சிட்டு. செவ்வாய்க்கிழமைக்குள்ள சேரணும். அப்பா வேண்டாங்காங்க. வருகை சமீபமாம், நாலு வருஷப் படிப்பு எதுக்குங்காங்க."

கிறிஸ்துவின் இரண்டாம் வருகையை எங்கள் வீடுகளில் வெறுமனே வருகை என்போம். என் கையிலிருந்த புத்தகமும் அதைப் பற்றியதுதான். இதைக் கொண்டுபோய்ச் சித்தப்பாவிடம் சொன்னால் என்ன என்று அந்த நிமிடமே தோன்றிவிட்டது.

சனிக்கிழமை காலை 8.40, திருநெல்வேலி புதிய பேருந்து நிலையம். சங்கரன்கோவிலுக்கு நாற்பத்தைந்து ரூபாய். மானூர் தாண்டும்வரை நின்றே போனேன். பிறகு ஒரு பூக்கார அக்கா கூடையை மடியில் தூக்கி வைத்து இடம் தந்தார்.

"என்ன மக்கா, பரீட்சையா?"

"இல்லக்கா. உலகம் எப்ப முடியும்னு ஒரு புத்தகம்."

"சங்கரன்கோவில்ல எறங்குன பொறவுன்னா சரி. பூவு வாடிரும்."

10.35. சங்கரன்கோவில். வெயில் தார்ச்சாலையிலிருந்து கிளம்பி முகத்தில் அடித்தது. சித்தப்பா ஊரான புளியங்குடிக்குப் போகும் பேருந்துக்கு முக்கால் மணி நேரம் நின்றேன். எதிர்ச்சுவரில் நற்செய்திக் கூட்டத்து நோட்டீஸ்: கடைசிக் காலம், வரைபடத்துடன் விளக்கம். அந்தக் கூட்டத்துக்குச் சித்தப்பா மூன்று இரவும் போயிருந்தாரென்று ஜெபா சொல்லியிருந்தாள்.

12.15. சித்தப்பா தோட்டத்தில் புதிதாய் வைத்த எலுமிச்சைக் கன்றுகளுக்குப் பாத்தி கட்டிக்கொண்டிருந்தார். ஜெபா குடத்தில் தண்ணீர் சுமந்து ஊற்றினாள். எனக்குத் தலைவலி. ஆனாலும் தொடங்கினேன்.

பதினேழாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் பியூரிட்டன்கள் என்ற கண்டிப்பான விசுவாசிகள் இருந்தார்கள். அவர்களும் கடைசிக் காலம் நெருங்கிவிட்டதென்றே நம்பினார்கள். சிலர் வருடக் கணக்கே போட்டார்கள். ஆனால் பலர், முடிவுக்கு முன் இந்தப் பூமியிலேயே ஒரு நல்ல காலம் வரும், சுவிசேஷம் எல்லா ஜனத்துக்கும் போகும் என்று காத்திருந்தார்கள். பின்னால் மிஷனரிகளைக் கப்பலேற்றியதில் அந்த நம்பிக்கைக்கும் பங்குண்டு. உலகம் கெட்டுக்கொண்டே போகும், விசுவாசிகள் திடீரென்று வானத்துக்கு எடுத்துக்கொள்ளப்படுவார்கள் என்று அந்தக் கூட்டத்தில் காட்டிய வரைபடம், அதற்கெல்லாம் பிறகு பரவிய போதனை.

சித்தப்பா மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு முழுதும் கேட்டார். "ஏட்டி, அவங்க போட்ட கணக்கு சரியா வந்துச்சா?"

"வரல, சித்தப்பா."

"பொறவு என்னத்துக்கு அவங்கள இழுத்துக்கிட்டு இம்புட்டுத் தூரம் வந்த? போயி மோர் குடி."

ஜெபா குடத்தை இறக்கி வைத்தாள்.

"அப்பா, இது எப்பக் காய்க்கும்?"

"நாலு வருஷம் ஆவும்."

"மொதக் காய் அத்தனையும் அசனத்து ஊறுகாய்க்குன்னு போன ஞாயித்துக்கிழம கோயில்ல எந்திரிச்சு நின்னு பொருத்தன பண்ணுனீங்கல்லா? அந்த ஊறுகா திங்க ஆளு இருக்கும். நான் படிச்சு முடிக்க மட்டும் நாளு இருக்காதா?"

அசனம் என்பது பண்டிகையன்று சபை முழுவதும் ஒரே பந்தியில் உண்ணும் சாப்பாடு. அதற்கென்று சபை முன்னால் நேர்ந்துகொண்ட பொருத்தனையை யாரும் திரும்ப வாங்குவதில்லை. வேலிப் பக்கமிருந்து சித்தி, "நல்லாக் கேளுட்டி!" என்றார். சித்தப்பா மண்வெட்டியைச் சாய்த்து வைத்தார். குடத்தைத் தானே தூக்கிக்கொண்டு கிணற்றடிக்குப் போனார்.

4.10. பேருந்து நிறுத்தம் வரை கூட வந்த சித்தப்பா, வண்டி கண்ணில் பட்ட பிறகுதான் பேசினார். "திங்கக்கெழம வந்து அந்தக் காலேஜப் பாக்கேன். சேக்கேன்னு சொல்லல."

பியூரிட்டன்களை எதற்கு இழுத்து வந்தாய் என்ற அவர் கேள்விக்கான பதில் மானூர் பக்கம் வரும்போதுதான் எனக்குக் கிடைத்தது. கணக்குத் தப்பிப்போனது, ஆனால் அந்தக் காத்திருப்பில் கிளம்பி வந்த மிஷனரிகள் கட்டிய பள்ளியில்தான் அவரும் நானும் படித்தோம். இறங்கி ஓடிப்போய்ச் சொல்ல உடம்பில் தெம்பில்லை. சொல்லவும் போவதில்லை. திங்கட்கிழமை எட்டரைக்குப் புதிய பேருந்து நிலையத்தில் அவர்களுக்காக நிற்கப் போகிறேன், புத்தகம் இல்லாமல். அவர் கேட்பதற்கெல்லாம் ஜெபாவையே பேசவிட வேண்டும்.