வீட்டுப்பேர் கேட்ட கட்டம்

சபையாரே, ஆண்டவர் எனக்குச் செய்ததைச் சொல்லத்தான் எழுந்து நிற்கிறேன். கொஞ்சம் கசக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

பொன்முடிக்குக் கீழே, காட்டை ஒட்டி எங்களுக்கு ஐம்பது சென்ட் சொந்த நிலம். குடியிருப்பது இன்னும் தேயிலை எஸ்டேட் லயத்தில், கூலிக்காரர் வரிசை வீட்டில்தான். போன வருஷம் நட்ட மரச்சீனிக் கிழங்கைக் காட்டுப்பன்றி ஒரு மூடு விடாமல் கிளறிப்போட்டது.

"கரண்டு கம்பி கட்டுனா ஜெயிலு, கட்டாட்டிப் பட்டினி. வித்துட்டு நான் திருவனந்தபுரம் தம்பானூர்ல ஓட்டல் வேலைக்குப் போறேன்" என்று என் வீட்டுக்காரர் துணிப்பையை எடுத்து வைத்துவிட்டார். அந்த மண்ணை விட்டால் எங்களுக்கென்று வேறு எதுவும் இல்லை. சோறு இறங்காமல் அழுதேன்.

அப்போதுதான் பாதுகாக்கப்பட்ட காட்டோரத்தில் பயிர் செய்கிறவர்களுக்கு கேரள சர்க்கார் மானியம் உண்டென்று கேள்விப்பட்டேன். முள்தாழை வேலி, மிளகு, தேனீப்பெட்டி என்று காட்டுக்குக் கெடுதல் இல்லாத விவசாயத்துக்கு. விண்ணப்பம் மலையாளத்தில். எனக்குப் பேச வரும், வாசிக்க வராது. மலையாளம் படித்தவர்கள் இந்தச் சபையில் எத்தனை பேர் இருக்கிறீர்கள்! ஒவ்வொருவரிடமும் கேட்டேன். "ஜெபிக்கிறோம் அக்கா" என்றீர்கள்.

கடைசியில் ஒருவர், ஆராதனைக்கும் பஸ்ஸுக்கும் நடுவில், அவசரமாக நிரப்பித் தந்தார். "வீட்டுப்பேர் என்னக்கா?" என்றார். மலையாளிகளுக்கு வீட்டுக்கு வீடு ஒரு பேர் உண்டு; லயத்தில் பிறந்தவளுக்கு ஏது வீட்டுப்பேர்? ரேஷன் கார்டு முதல் ஆஸ்பத்திரிச் சீட்டு வரை எஸ்டேட் பேரைத்தான் மூன்று தலைமுறையாகச் சொல்கிறோம். அதையே சொன்னேன். நிலம் வேறு இடம் என்று சொல்ல எனக்குத் தோன்றவில்லை. அவரும் கேட்கவில்லை.

நிலம் எஸ்டேட்டுடையது என்று விண்ணப்பத்தைத் தள்ளிவிட்டார்கள். நகரத்து ஆபீசுக்கு மூன்று தடவை நடந்தேன்.

"சேச்சி, இது எஸ்டேட்டின்றெ ஸ்தலமல்லே?" என்றார் அங்கிருந்த அதிகாரியம்மா.

"எங்க நிலம்தான் மேடம், எங்க பேர்ல பட்டயம் உண்டு."

"ஒரு திவசம் வந்து நோக்காம்" என்றார். ஒருநாள் வந்து பார்ப்பாராம்; எந்த நாள் என்று சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்து அடுப்படியில் முழங்கால் போட்டேன். நல்ல ஜெபம் இல்லை அது. "ஆண்டவரே, அந்த அம்மா ஒருநாள் இங்கே வந்து என்னைப்போல அல்லாடட்டும்" என்றுதான் கேட்டேன்.

கேட்டபடியே கொடுத்தார். ஈஸ்டர் முடிந்த வாரம் மத்தியான பஸ்ஸில் அந்த அம்மா வந்தார். பட்டயத்தைப் பார்த்தார், நிலத்தைப் பார்த்தார், திரும்பப் புறப்பட்டார். பஸ் வரவில்லை. கைகாட்டிய ஜீப்பும் நிற்கவில்லை. என் நிலத்துக் கல்லில் உட்கார்ந்து பாலில்லாத கட்டன்சாயா குடிக்கும்போது, வெயில் தாழ, குட்டிகளோடு பன்றிக்கூட்டம் இறங்கியது. அந்த அம்மா என் கையை இறுக்கிப் பிடித்தார்.

"எல்லா திவசமும் இங்ஙனெயாணோ சேச்சி?"

"தினமும் இப்படித்தான் மேடம்."

அங்கேயே பையிலிருந்து புது விண்ணப்பத்தை எடுத்தார். வீட்டுப்பேர்க் கட்டத்தில் கோடு போட்டுவிட்டு, நிலத்தின் சர்வே நம்பரைத் தன் கையாலேயே எழுதினார்.

மானியம் வந்தது. தாழை வேர் பிடித்திருக்கிறது. என் வீட்டுக்காரர் துணிப்பையைப் பழையபடி ஆணியில் மாட்டிவிட்டார். கோபத்தில் கேட்டதைக்கூட இரக்கமாக மாற்றித் தந்த ஆண்டவருக்கு ஸ்தோத்திரம். அவரை நம்புங்கள், கைவிடமாட்டார்.

ஆனால் அவர் எனக்கு அனுப்பியது உங்களில் ஒருவரை இல்லை, முன்பின் தெரியாத ஒருத்தியை. அது இன்னும் என் நெஞ்சில் உறுத்துகிறது. எங்கள் லயத்தில் இன்னும் நான்கு குடும்பம் விண்ணப்பத்தாளோடு வந்து பின்வரிசையில் உட்கார்ந்திருக்கிறது. "ஜெபிக்கிறோம்" என்று இன்று யாரும் சொல்லவேண்டாம். மலையாளம் தெரிந்தவர்கள் ஆராதனை முடிந்ததும் கொஞ்சம் இருங்கள். பேனா நான் கொண்டுவந்திருக்கிறேன்.