ரேசரில் இருந்த முடி

பதினேழு வயதில் சுதர்ஷினியின் தாடையில் முடி முளைத்தது. ஒன்றிரண்டு அல்ல. தலைமுடியைப் போலவே கறுத்து, சுருண்டு, தாடை முழுக்க. அதிலிருந்து எட்டு வருடம், விடியுமுன் கக்கூசுக்குள் நின்று ஒவ்வொன்றாகப் பிடுங்கினாள். இது தெரிந்த ஒரே ஆள் அவள் அம்மா. அவளும் மகளின் கலியாணத்துக்கு முன்பே செத்துப்போனாள்.

பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்தாள். கணவன் சோலைமலைக்குக் கொழும்பில் கடை வேலை. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வருவான். தாடையில் புள்ளி புள்ளியாகக் கறுத்திருப்பது என்ன என்று கேட்டான். அம்மைத் தழும்பு என்றாள். நம்பினான். நல்ல மனுசன்தான், அதையும் சொல்லிவிட வேண்டும்.

2005இல், கண்டியில் லேசர் வைத்து முடியை ஒரேயடியாகப் போக்குகிறார்கள் என்று கேள்விப்பட்டு, யாருக்கும் சொல்லாமல் பஸ் ஏறினாள். அங்கே பெயரைக் கேட்டதும் வெட்கம் பிடுங்கித் தின்றது. செல்வமலர் என்று வாயில் வந்ததைச் சொல்லிவிட்டாள்.

டொக்டரம்மா தாடையைத் தடவிப் பார்த்தார். சுருட்டை முடியைப் பிடுங்கினால் அது வளரும்போது தோலுக்குள்ளேயே சுருண்டுகொள்ளும், இந்தக் கட்டியும் கறுப்பும் அதனால்தான் என்றார். சில மெஷின்கள் கறுத்த தோலைச் சுட்டுவிடும். இது அப்படிப்பட்ட தோலுக்கென்றே வந்தது, பயப்பட வேண்டாம். ஆனால் வெயில் படக்கூடாது. பிடுங்கவும் கூடாது, வேர் உள்ளே இருந்தால்தான் லேசர் அதைக் கருக்கும். வளர்ந்தால் சவரம் செய்துகொள்ள வேண்டும். மாதம் ஒருமுறை லேசருக்கு வர வேண்டும்.

தாடையில் துணி கட்டிக்கொண்டு கொழுந்து பறிக்கப் போனாள். கேட்டவர்களிடம் பல்வலி என்றாள். சவரத்துக்கு என்ன செய்வது? புருசன் ஊரில் இல்லாத பொம்பளை கடையில் ரேசர் கேட்டால் லயத்து வீடுகள் முழுக்க அதே பேச்சாகிவிடும். சோலைமலை வீட்டில் விட்டுப்போன ரேசரை எடுத்தாள்.

தீபாவளிக்கு வந்தவன் சவரம் செய்ய உட்கார்ந்து அதைக் கழற்றினான். பிளேடுக்கடியில் தடித்த கறுப்பு முடித்துண்டுகள். அவனுக்கோ மீசையே ஒழுங்காக முளைக்காது.

"யாரு வந்து போறான்?" என்றான். சத்தம் போடவில்லை.

சுதர்ஷினி தன் தாடையைத் தொட்டுக் காட்டினாள். "என்னோடதுங்க. எனக்குத் தாடி முளைக்கும்" என்றாள்.

எந்தப் புருசன் நம்புவான்? கண்டிக்குப் போனதைச் சொல்லி, டொக்டரம்மா கொடுத்த துண்டுச்சீட்டைக் காட்டினாள். அதில் செல்வமலர் என்று இருந்தது. பொய்ப் பெயரில் கண்டியில் என்ன வேலை என்று கேட்டான். பக்கத்துக் காம்பிராவில் குடியிருக்கும் காளியாயியை விசாரித்தான். அவளும் கள்ளமில்லாமல், மாதம் ஒருமுறை முதல் பஸ்ஸில் போகிறாள் என்றாள். டொக்டரம்மாவையே வந்து கேளுங்கள் என்று சுதர்ஷினி கெஞ்சினாள். நீ சொல்லிக்கொடுத்ததைத்தான் அவள் சொல்லுவாள் என்றான். உண்மையைச் சொல்லச் சொல்ல அவள்தான் மேலும் மாட்டிக்கொண்டாள்.

"நாலு நாள் இருங்க. முளைக்கும், பாருங்க" என்றாள் கடைசியில்.

மூன்றாவது லேசர் முடிந்து மூன்று வாரம். முன் இரண்டு தடவையும் உதிர்ந்த முடி மூன்று வாரத்தில் திரும்பியிருந்தது. அந்தத் தைரியத்தில் சொல்லிவிட்டாள். அவனும் இருந்தான். அவள் வேலைக்குப் போகவில்லை, ஒழுங்காகச் சாப்பிடவில்லை. எட்டு வருடம் வேண்டாம் வேண்டாம் என்று அழுத முடியை, முளைத்துவிடு என்று மாரியம்மனிடம் கேட்டுக்கொண்டு தாடையைத் தடவியபடி கிடந்தாள். நினைத்தால் எனக்கு வயிறெரிகிறது.

ஐந்தாம் நாள் காலை சோலைமலை அவளை வாசல் வெளிச்சத்துக்கு இழுத்துவந்து தாடையைத் தடவினான். ஒரு முடி இல்லை.

"வழுவழுன்னு இருக்கு" என்றான். பையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தான். அவளைப் பார்த்து அப்படி ஒருவர் சொன்னது அதுதான் முதல் தடவை.

தை மாதம் தாடையில் இரண்டே இரண்டு முடி முளைத்தது. கண்டிக்கு அவள் மறுபடி போகவில்லை. அந்த இரண்டையும் சவரம் செய்யாமல், பிடுங்காமல் வைத்துக்கொண்டு, சோலைமலை வந்து பார்க்கட்டும் என்று இருக்கிறாள். அவன் இன்னும் வரவில்லை.